கார் மலை ஏறுகிறது, சார்ஜ் ஏன் ஏற மாட்டேன் என்கிறது?

வீட்டில் சுவரில் மாட்டினால் ஒன்றரை மணி நேரத்தில் நிறைந்துவிடும் போன், காரில் மாட்டினால் மூன்று மணி நேரம் ஆனாலும் பாதியைத் தாண்டுவதில்லை. சில சமயம் சார்ஜ் ஏறும் அடையாளம் திரையில் மின்னிக்கொண்டே இருக்கும், ஆனால் சதவீதம் மட்டும் 41, 40, 39 என்று இறங்கிக்கொண்டே போகும். கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது இதைப் பார்த்திருப்பீர்கள். கார் இல்லாதவர்களும் இதே விஷயத்தை வேறு இடத்தில் பார்த்திருப்பீர்கள். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரின் யுஎஸ்பி போர்ட்டில் போனை மாட்டிவிட்டுத் தூங்கப் போய், காலையில் எழுந்து பார்த்தால்தான் நிறைந்திருக்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். இந்த இதழில் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளி வைத்துவிடலாம். காரில் கரண்ட் குறைவு, அதனால்தான் மெதுவாக ஏறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. கார் பேட்டரி 12 வோல்ட். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை தருகிறது. டேஷ்போர்டில் சிகரெட் லைட்டருக்கு என்று வைத்து, இன்று லைட்டரே இல்லாமல் பெயர் மட்டும் மிஞ்சி நிற்கும் அந்த வட்டமான சாக்கெட்டுக்குப் பெரும்பாலான கார்களில் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருப்பார்கள். 12 வோல்ட்டை 10 ஆம்பியரால் பெருக்கினால் 120 வாட். உங்கள் போன் கேட்பதோ 18 அல்லது 25 வாட். சட்டியில் நிறையவே இருக்கிறது. அகப்பைதான் சின்னது!

அகப்பை எங்கே சின்னதாகிறது என்பதுதான் கேள்வி.

கொல்லிமலையில் ஒரு சோதனை

நான் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு சாஃப்ட்வேர் வேலைக்கு வந்தவன். சால்டரிங் அயனைக் கையில் எடுத்தே ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் யுஎஸ்பி மீட்டர் ஒன்று எப்போதும் என் பையில் கிடக்கும். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகினால் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் போகிறது என்று சின்னத் திரையில் காட்டும். விலை சில நூறு ரூபாய்தான்.

ஆடி மாதத்தில் நண்பர்கள் நான்கு பேர் நாமக்கல்லில் இருந்து வாடகைக் கார் பிடித்துக் கொல்லிமலைக்குப் போனோம். அடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்து செம்மேடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். வல்வில் ஓரி விழா சமயம் என்பதால் வண்டிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. டிரைவர் அண்ணா போனில் மேப்பைப் போட்டு, கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டாண்டில் மாட்டி, ஸ்டீரியோவின் யுஎஸ்பி போர்ட்டில் சார்ஜ் போட்டிருந்தார். என் கையில் மீட்டரைப் பார்த்ததும் பேச்சு அந்தப் பக்கம் திரும்பியது.

"ஏனுங்க தம்பி, வீட்டுச் சுவத்துல மாட்டுனா சட்டுனு நிறைஞ்சிருதுங்க. வண்டியில மாட்டுனா மேல போய்ச் சேர்றதுக்குள்ள இன்னும் குறைஞ்சு போயிருது. கடையில பேட்டரியை மாத்தோணும்னு சொல்றாங்க. மாத்திப் போடலாமுங்களா?"

"கொஞ்சம் பொறுங்கண்ணா, அளந்து பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

அவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. அடுத்த சவாரிக்கான அழைப்பு அந்த போனில்தான் வர வேண்டும். மலையில் வண்டி நின்றுபோனால் மெக்கானிக்கைக் கூப்பிடவும், யாருக்காவது உடம்புக்கு ஏதாவது ஆனால் 108-ஐக் கூப்பிடவும் அதுதான். இத்தனைக்கும் நடுவில் தேவையில்லாமல் புது பேட்டரிக்குச் செலவு வேறு செய்ய இருந்தார்.

செம்மேட்டில் டீக்கடை ஓரமாக வண்டி நின்றபோது மீட்டரைச் செருகினேன். ஸ்டீரியோ போர்ட் காட்டியது: 4.9 வோல்ட், 0.47 ஆம்பியர். பெருக்கினால் சுமார் 2.3 வாட். அவர் வீட்டுச் சார்ஜர் 18 வாட். ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் கிடைத்தது!

அந்த 0.47 எங்கிருந்து வந்தது?

இது பழுது அல்ல. விதிப்படி நடப்பது. யுஎஸ்பி உருவானது 1996-இல். கம்ப்யூட்டருடன் கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் போன்றவற்றை இணைக்கத்தான் அதை உருவாக்கினார்கள். போனுக்குச் சார்ஜ் ஏற்றுவது அப்போது யாருடைய நினைப்பிலும் முக்கியமாக இல்லை. மவுஸுக்கு எவ்வளவு கரண்ட் வேண்டியிருக்கும்? அதனால் 2000-இல் வந்த யுஎஸ்பி 2.0 விதியிலும் இப்படித்தான் இருக்கிறது: செருகியவுடன் 100 மில்லி ஆம்பியர் மட்டும் எடுக்கலாம். "நான் இன்ன கருவி, எனக்கு இவ்வளவு வேண்டும்" என்று கம்ப்யூட்டரிடம் சொல்லி அனுமதி வாங்கிய பிறகு 500 மில்லி ஆம்பியர் வரை எடுக்கலாம். 5 வோல்ட்டில் 0.5 ஆம்பியர் என்றால் 2.5 வாட். 2008-இல் வந்த யுஎஸ்பி 3.0 இதை 900 மில்லி ஆம்பியராக உயர்த்தியது. உங்கள் கம்ப்யூட்டரில் உள்ளே நீல நிறமாக இருக்கும் போர்ட் பெரும்பாலும் இந்த வகை.

கார் ஸ்டீரியோவில் இருக்கும் யுஎஸ்பி போர்ட்டும் கம்ப்யூட்டர் போர்ட்டின் தம்பிதான். பென் டிரைவில் பாட்டுப் போட வைத்தது. பென் டிரைவுக்கு அரை ஆம்பியர் தாராளம். அதில் போனை மாட்டினால், போன் பார்வையில் அது ஒரு கம்ப்யூட்டர். "ஃபைல் டிரான்ஸ்ஃபரா, சார்ஜ் மட்டுமா?" என்று போன் திரையில் கேள்வி வருகிறதா? அப்படியென்றால் நீங்கள் மாட்டியிருப்பது டேட்டா போர்ட். பல கார்களில் 500 மில்லி ஆம்பியருக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். புதிய கார்களில் வரும் டைப்-சி போர்ட்டுகள் சில இதைவிட அதிகம் தருகின்றன. காரின் கையேட்டில் போர்ட்டின் அளவு போட்டிருப்பார்கள். படிக்காமல் டேஷ்போர்டு பெட்டியில் கிடக்கும் அந்தப் புத்தகத்தை இதற்காகவாவது ஒரு முறை புரட்டலாம்.

சரி, சுவர்ச் சார்ஜர் மட்டும் எப்படி அதிகம் தருகிறது? அதில் பேசுவதற்குக் கம்ப்யூட்டர் எதுவும் இல்லையே? அதற்கும் ஒரு விதி போட்டார்கள். பேட்டரி சார்ஜிங் 1.2 என்று பெயர், 2010-இல் வந்தது. பழைய யுஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள் உண்டு. இரண்டு கரண்டுக்கு, இரண்டு டேட்டாவுக்கு. சார்ஜருக்குள் அந்த இரண்டு டேட்டா கம்பிகளையும் ஒன்றாக இணைத்துவிடுவார்கள். போன் செருகியவுடன் இதைச் சோதித்துப் பார்க்கும். இரண்டும் இணைந்திருந்தால், "எதிரில் இருப்பது கம்ப்யூட்டர் அல்ல, சார்ஜர்" என்று தெரிந்துகொண்டு 1.5 ஆம்பியர் வரை தைரியமாக இழுக்கும். ஒரு சின்ன இணைப்புதான் வித்தியாசம்!

அதன் பிறகு வந்தவை பேசும் சார்ஜர்கள். யுஎஸ்பி பவர் டெலிவரி, சுருக்கமாக பி.டி., 2012-இல் முதலில் வந்தது. 2021-இல் வந்த அதன் 3.1 பதிப்பு 240 வாட் வரை போகிறது. குவால்காம் கம்பெனி 2013 முதல் குவிக் சார்ஜ் முறையைக் கொண்டுவந்தது. இவற்றில் சார்ஜரும் போனும் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டு, வோல்டேஜை 5-இல் இருந்து 9 அல்லது அதற்கு மேல் உயர்த்திக்கொள்கின்றன. ஓப்போ 2014-இல் கொண்டுவந்த வூக் வேறு வழியில் போனது. வோல்டேஜை உயர்த்தாமல் ஆம்பியரை உயர்த்தியது. அதற்கென்றே தடித்த கேபிள் வேண்டும்.

இங்கேதான் கார் சார்ஜர் வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். பெட்டியில் வந்த சுவர்ச் சார்ஜர் 67 வாட் என்றால், அது அந்தக் கம்பெனி போனும் அந்தக் கம்பெனி சார்ஜரும் தங்களுக்குள் பேசும் பாஷை. காருக்கு நீங்கள் வாங்கிய வேறு கம்பெனி சார்ஜருக்கு அந்தப் பாஷை தெரியாது. இரண்டுக்கும் பொதுவாகத் தெரிந்த பாஷைக்கு இறங்கி வருவார்கள். அது பி.டி. ஆக இருந்தால் ஓரளவு நல்லது. எதுவுமே பொதுவாக இல்லை என்றால் பழைய 5 வோல்ட்தான். இந்தச் சார்ஜரில் "65 வாட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் அதே கதைதான்.

இரண்டு மீட்டர் கேபிள் செய்த வேலை

டிரைவர் அண்ணாவிடம் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சார்ஜர் ஒன்றும் இருந்தது. "அதுவும் இப்படித்தானுங்க" என்று ஒதுக்கி வைத்திருந்தார். அதன் மேல் 2.1 ஆம்பியர் என்று எழுதியிருந்தது. எஞ்சினை ஓடவிட்டு அதில் மாட்டி அளந்தேன். 5.0 வோல்ட், 0.65 ஆம்பியர். சார்ஜர் வோல்டேஜைத் தளராமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஆனால் போன் இழுக்க மாட்டேன் என்கிறது. கேபிளைப் பார்த்தேன். பின் சீட்டு வரை எட்ட வேண்டும் என்று வாங்கிய 2 மீட்டர் கேபிள், தொட்டுப் பார்த்தால் நூல் மாதிரி இருந்தது. என்னுடைய 1 மீட்டர் தடித்த கேபிளை மாற்றிப் போட்டேன். 1.7 ஆம்பியர்! சார்ஜரும் அதே, போனும் அதே, மாறியது கேபிள் மட்டும்.

இதற்குப் பள்ளியில் படித்த ஓம் விதி போதும். மலிவு கேபிள்களில் கரண்ட் போகும் கம்பி 28 கேஜ் அளவில் இருக்கும். இந்த மெல்லிய செப்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். கரண்ட் போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும். ஆகவே 2 மீட்டர் கேபிள் என்றால் கணக்குக்கு 4 மீட்டர். மொத்தம் 0.85 ஓம். இதில் 2 ஆம்பியர் ஓட்ட வேண்டுமானால் 1.7 வோல்ட் வழியிலேயே காலி. சார்ஜரில் புறப்பட்ட 5 வோல்ட், போனைச் சேரும்போது 3.3 வோல்ட். லித்தியம் பேட்டரியை நிரப்ப 4.2 வோல்ட்டுக்கு மேல் வேண்டுமே! போன் இதை உணர்ந்துகொண்டு, வோல்டேஜ் விழாத அளவுக்கு ஆம்பியரைத் தானாகவே குறைத்துக்கொள்கிறது. அதனால்தான் 0.65.

அதே கேபிள் 1 மீட்டர் நீளமாக, உள்ளே 24 கேஜ் கம்பியாக இருந்தால் மின்தடை 0.17 ஓம்தான். 2 ஆம்பியருக்கு 0.34 வோல்ட் மட்டுமே இழப்பு. கேஜ் எண் குறைந்தால் கம்பி தடிமன் கூடும் என்பதை நினைவில் வையுங்கள். சில கேபிள்களின் மேலேயே இந்த எண்ணை அச்சிட்டிருப்பார்கள். வீட்டில் சார்ஜருடன் வந்த நல்ல கேபிளைப் பயன்படுத்துகிறோம். காருக்கோ சிக்னலில் விற்கும் கேபிளை வாங்குகிறோம். கார் சார்ஜர் மெதுவானது என்ற கெட்ட பெயரில் பாதி உண்மையில் கேபிளுக்குப் போக வேண்டியது. என் கருத்தில், புதுச் சார்ஜர் வாங்குவதற்கு முன் முதலில் கேபிளை மாற்றிப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

வரவும் செலவும்

இனி போனின் பக்கம் வருவோம். வீட்டில் சார்ஜ் போடும்போது போன் சும்மா கிடக்கிறது. காரில் அதுதான் வழிகாட்டி. திரை முழு வெளிச்சத்தில், ஜிபிஎஸ் ஓடிக்கொண்டிருக்க, டேட்டா இறங்கிக்கொண்டிருக்க, புளூடூத்தில் பாட்டு வேறு. இப்படி ஓடும் போன் 2 முதல் 3 வாட் வரை செலவு செய்யும். ஸ்டீரியோ போர்ட் தருவது 2.3 வாட். வரவுக்கும் செலவுக்கும் சரியாகப் போய்விட்டது. பேட்டரிக்குள் போக என்ன மிச்சம்? சதவீதம் இறங்குவது ஏன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

இன்று பல போன்களில் 5000 மில்லி ஆம்பியர்-அவர் பேட்டரி இருக்கிறது. அதை 3.85 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 19 வாட்-அவர். போனை அணைத்து வைத்தாலும்கூட 2.5 வாட் போர்ட்டில் இது நிறைய எட்டு மணி நேரம் ஆகும். வழியில் சூடாக வீணாவதையும் சேர்த்தால் இன்னும் அதிகம். கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டுத் தூங்கினால் காலையில்தான் நிறைகிறது என்று தொடக்கத்தில் சொன்ன கணக்கு இதுதான்.

மலைப் பாதையில் செலவு இன்னும் கூடுகிறது. வளைவுக்கு வளைவு டவர் மறைகிறது, மீண்டும் தெரிகிறது. சிக்னல் பலவீனமாக இருக்கும் இடத்தில் போன் தன் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருக்கிறது. அதற்குக் கூடுதல் கரண்ட். டவரே இல்லாத இடத்தில் விடாமல் தேடிக்கொண்டிருக்கும்.

அப்புறம் வெயில். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. போன் சூடானால் சார்ஜ் வேகத்தைத் தானே குறைத்துவிடும், மிகவும் சூடானால் நிறுத்தியே விடும். இது போனைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடு, கோளாறு அல்ல. ஆப்பிள் தன் ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரை வெப்பமுள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது. முன் கண்ணாடியில் வெயில் நேராகப் படும்படி மாட்டிய போன் அந்த எல்லையைச் சீக்கிரம் தாண்டிவிடும். மலை மேலே காற்று குளிர்ச்சிதான், ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் வெயில் வெயில்தான். சிறிய எஞ்சின் வண்டிகளில் ஏற்றத்தில் ஏசியை அணைத்துவிட்டுப் போவார்கள். அப்போது போனுக்கும் குளிர்ச்சி இல்லை. ஸ்டாண்டை ஏசி காற்று வரும் துவாரத்துக்கு எதிரே மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

ஏற்றத்தில் எஞ்சின் திணறுவதால் சார்ஜ் குறைகிறதா என்று ஒரு நண்பன் கேட்டான். இல்லை. எஞ்சின் வேகம் கூடினாலும் குறைந்தாலும் ஆல்டர்னேட்டரில் உள்ள ரெகுலேட்டர் வோல்டேஜைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும். வளைவுகள் வேறு விதத்தில் தொல்லை தரும். சிகரெட் லைட்டர் சாக்கெட் மின்சாரம் எடுப்பதற்கென்று பிறந்தது அல்ல. சார்ஜரின் நுனியில் ஒரு ஸ்பிரிங், பக்கவாட்டில் இரண்டு தகடுகள், இவற்றின் பிடியில்தான் நிற்கிறது. குலுங்கும்போது மெல்ல வெளியே நழுவும். தொடர்பு விட்டு விட்டு வரும். ஒவ்வொரு முறை அறுபடும்போதும் போனும் சார்ஜரும் தங்கள் பேச்சுவார்த்தையை முதலில் இருந்து தொடங்க வேண்டும். சார்ஜர் விளக்கு மினுக் மினுக்கென்று அணைந்து எரிந்தால் இதுதான் காரணம். சாக்கெட்டில் இறுக்கமாக உட்காரும் சார்ஜராகப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கும்போது

முதலில் உங்கள் சுவர்ச் சார்ஜரின் மேல் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். அவுட்புட் என்ற இடத்தில் 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 2 ஆம்பியர் என்பதுபோல் இருக்கும். பி.டி., பி.பி.எஸ்., கியூ.சி. என்ற குறிகளில் எது இருக்கிறது என்று பாருங்கள். கார் சார்ஜரிலும் அதே குறியும் அதே 9 வோல்ட்டும் இருந்தால் வீட்டு வேகத்துக்கு அருகில் வந்துவிடலாம். சொந்தப் பாஷை பேசும் போன் என்றால், அதே கம்பெனி காருக்கென்று சார்ஜர் விற்கிறதா என்று விசாரியுங்கள். சில கம்பெனிகள் விற்கின்றன.

இரண்டு போர்ட் உள்ள சார்ஜர்களில் எழுதியிருப்பது பெரும்பாலும் இரண்டுக்கும் சேர்த்த மொத்தம். 3.1 ஆம்பியர் என்றால் ஒன்றில் 2.1, மற்றதில் 1 என்று பிரிந்திருக்கலாம். இன்னொரு போனையும் மாட்டினால் முதல் போனின் வேகம் விழும் சார்ஜர்களும் உண்டு. தனித்தனி போர்ட்டுக்கு எவ்வளவு என்று அட்டைப்பெட்டியில் போடாதவற்றை வாங்காமல் விடுவது நல்லது.

மிக மலிவான சார்ஜர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கார் சார்ஜரின் வேலை 14 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைப்பது. உள்ளே ஒரு மின்னணு சுவிட்ச் நொடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடி இதைச் செய்கிறது. அந்த சுவிட்ச் பழுதாகி மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டால், தடுப்பு ஏற்பாடு எதுவும் இல்லாத சார்ஜரில் 14 வோல்ட்டும் நேராகப் போனுக்குப் போய்விடும். நூறு ரூபாய் மிச்சம் பிடித்து இருபதாயிரம் ரூபாய் போனை இழக்க வேண்டாம்.

12 வோல்ட்டை 230 வோல்ட்டாக்கும் சின்ன இன்வெர்ட்டரை வாங்கி, அதில் வீட்டுச் சார்ஜரையே மாட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேலை செய்யும், வேகமும் கிடைக்கும். ஆனால் 12-ஐ 230 ஆக்கி, மறுபடி 9 ஆக்குவதில் இரண்டு இடத்தில் இழப்பு, இரண்டு இடத்தில் சூடு. லேப்டாப்புக்கு வேறு வழி இல்லாவிட்டால் சரி. போனுக்கு மட்டும் என்றால் எனக்கு இது பிடிக்கவில்லை.

டிரைவர் அண்ணாவிடம் பேட்டரியை மாற்ற வேண்டாம் என்றேன். ஸ்டீரியோ போர்ட்டில் பென் டிரைவ் மட்டும் இருக்கட்டும், சார்ஜருக்குத் தடித்த கேபிளாக 1 மீட்டரில் வாங்குங்கள் என்று சொல்லி, கேஜ் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். 1.7 ஆம்பியர் என்றால் 8 வாட்டுக்கு மேல். மேப்புக்கு 3 வாட் போனாலும் 5 வாட்டுக்கு மேல் பேட்டரிக்கு மிஞ்சும். வீட்டு வேகம் அல்ல, ஆனால் இறங்காது.

உங்களிடம் மீட்டர் இல்லை என்றால், ஆண்ட்ராய்டு போன்களில் ஆம்பியர் என்ற பெயரிலேயே ஒரு ஆப் இருக்கிறது. பேட்டரிக்குள் நிகரமாக எத்தனை மில்லி ஆம்பியர் போகிறது என்று காட்டும். எல்லா போன்களிலும் துல்லியமாகக் காட்டாது. ஆனால் கேபிள்களை மாற்றி மாற்றிப் போட்டு ஒப்பிடுவதற்குப் போதும். அதில் எண் மைனஸில் காட்டினால், சார்ஜரில் மாட்டியும் போன் காலியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சோதிக்கும்போது பேட்டரி பாதிக்குக் கீழே இருக்கட்டும். 80 சதவீதத்துக்கு மேல் எந்தச் சார்ஜரிலும் வேகம் குறையும் என்பதால் அப்போது அளந்தால் கணக்குத் தவறிவிடும்.

மலைப் பயணத்துக்கு முன் இன்னொன்றும் செய்துகொள்ளலாம். கூகுள் மேப்ஸில் போக வேண்டிய பகுதியை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டவர் இல்லாத இடத்திலும் வழி தெரியும், டேட்டாவுக்காகப் போன் அலையாது. அழைப்பு எதையும் எதிர்பார்க்காதவர்கள் ஏரோபிளேன் மோடில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். கீழே இறங்கியதும் அதை எடுத்துவிட மறக்காதீர்கள், வீட்டில் தேடுவார்கள்.